வெளியே போகும் வழி முதலில், அலமாரி பிறகு: சிங்கப்பூரில் சின்ன வீட்டைச் சீராக்குவது எப்படி?

சனிக்கிழமை காலை பத்தரை மணிவாக்கில் புளோக்கின் கீழே "பாம்... பாம்..." என்று ஊதுகுழல் ஒலிக்கும். பழைய சாமான் எடுக்கும் காராங் கூனிக்காரர் வந்துவிட்டார் என்று அர்த்தம். நீங்கள் ஒன்பதாவது மாடியில் பழைய செய்தித்தாள் கட்டு எங்கே என்று தேடிக்கொண்டிருப்பீர்கள். கட்டிலுக்கடியில் கிடக்கும் கட்டை இழுத்துத் தூசி தட்டிவிட்டு, சன்னல் கம்பி வழியாக எட்டிப் பார்த்தால் அவருடைய தள்ளுவண்டி அடுத்த புளோக்கைத் தாண்டியிருக்கும். கட்டு மறுபடி கட்டிலுக்கடியில் போகும். அடுத்த சனிக்கிழமையும் இதே கதைதான்.

வீட்டை ஒழுங்குபடுத்துவது என்றால் அலமாரியைத் திறந்து பொருள்களைக் கவிழ்ப்பதில் தொடங்குகிறது என்றுதான் எல்லாரும் நினைக்கிறார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். 2011ல் புக்கிட் பாத்தோக்கில் ஓர் அறை எடுத்துத் தங்கியிருந்தேன். ஒரு ஞாயிறு மாலை திடீரென்று வேகம் பிறந்து அலமாரி, கட்டிலடி, பயணப்பெட்டி எல்லாவற்றையும் கொட்டிக் கவிழ்த்தேன். இரவு பத்து மணிக்கு அறை நடுவே மூன்று குவியல்கள். எது வேண்டும், எது வேண்டாம் என்று பிரித்தாகிவிட்டது; வேண்டாததை எங்கே கொண்டுபோவது என்றுதான் தெரியவில்லை. பொதுத் தாழ்வாரத்தில் வைத்துவிட்டுப் படுத்துவிட்டேன். காலையில் வீட்டுக்காரச் சீன மூதாட்டி கதவைத் தட்டினார். ஒரு வார்த்தை பேசவில்லை, விரலால் குவியலைக் காட்டினார். எனக்கோ வேலைக்கு நேரமாகிவிட்டது. அத்தனையையும் அள்ளி அலமாரிக்குள் திணித்துவிட்டு ஓடினேன். முன்பாவது எல்லாம் மடித்து இருந்தது.

அன்றிலிருந்து எனக்கு வரிசை மாறிவிட்டது. ஒரு பொருள் வீட்டைவிட்டு எந்த வழியாக, எந்த நாளில் போகும் என்பது முதலில் தெரிய வேண்டும். பிறகுதான் அலமாரியைத் திறக்க வேண்டும். இந்த ஊரில் அந்த வழிகள் பல. ஒவ்வொன்றுக்கும் ஒரு நேரம், ஒரு விதி உண்டு. ஊரிலிருந்து வந்து முதல் அறை எடுத்திருப்பவர்களுக்கும், ஆண்டுக்கணக்கில் இங்கே இருந்தும் இந்த வேலையில் இதுவரை இறங்காதவர்களுக்கும் இதை எழுதுகிறேன்.

சோம்பல் வந்தால் ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். அறை வாடகை மாதம் 900 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்), அறையின் அளவு 9 சதுர மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். சதுர மீட்டருக்கு மாதம் 100 வெள்ளி. மூலையில் அரை சதுர மீட்டர் இடத்தை அடைத்துக்கொண்டு நிற்கும் அட்டைப்பெட்டிகளுக்கு நீங்கள் மாதம் 50 வெள்ளியும் ஆண்டுக்கு 600 வெள்ளியும் வாடகை கட்டுகிறீர்கள். பெட்டிகளுக்குள் இருப்பதன் விலை 600 வெள்ளி தேறுமா?

முதல் படி: எது எங்கே போகும்?

குப்பைக் குழாய் எல்லாருக்கும் தெரிந்தது. பழைய புளோக்குகளில் அது அடுப்படியிலேயே இருக்கும். பிந்தியவற்றில் மின்தூக்கிக்குப் பக்கத்தில், மாடிக்கு ஒன்றாக இருக்கும். அதில் போடுவதைக் கட்டிப் போடுங்கள். வாயில் நுழையாததைத் திணிக்காதீர்கள். குழாய் அடைத்துக்கொண்டால் மேல்மாடி முழுவதும் நாறும். இந்தக் குப்பை எரிக்கப்பட்டு, சாம்பல் செமாக்காவ் தீவின் குப்பை நிரப்பிடத்துக்குப் போகிறது. 1999ல் திறந்த அந்த நிரப்பிடம் 2035 வாக்கில் நிறைந்துவிடும் என்பது அரசாங்கத்தின் கணிப்பு. ஆகவே குழாயைக் கடைசி வழியாக வைத்துக்கொள்ளுங்கள்.

நீல நிற மறுசுழற்சித் தொட்டி புளோக்கின் கீழே நிற்கும். காகிதம், பிளாஸ்டிக், கண்ணாடி, உலோகம் நான்கையும் ஒன்றாகவே போடலாம், தனித்தனியாகப் பிரிக்க வேண்டியதில்லை. ஆனால் எண்ணெய்ப் பிசுக்கும் சாம்பாரும் ஒட்டிய டப்பாவை அப்படியே போட்டால் அது பக்கத்தில் இருக்கும் நல்ல காகிதத்தையும் கெடுக்கும். இந்தத் தொட்டிகளில் விழுவதில் ஏறத்தாழ 40 விழுக்காடு மறுசுழற்சிக்கு உதவாமல் போகிறது. ஒருமுறை அலசி, தண்ணீரை வடித்துவிட்டுப் போடுங்கள். துணி, செருப்பு, பஞ்சு பொம்மை, வெள்ளை நுரைப்பெட்டி, பீங்கான் ஆகியவற்றுக்கு அங்கே இடமில்லை.

காராங் கூனிக்காரர் செய்தித்தாள், பழைய துணி, வானொலி, மின்விசிறி, இரும்புச் சாமான் எல்லாம் எடுப்பார். 'காராங் கூனி' மலாய்ச் சொல், பொருள் சாக்குப்பை. அந்தக் 'கூனி' நம்முடைய கோணிக்குச் சொந்தக்காரச் சொல். செய்தித்தாளுக்குக் கிலோவுக்குச் சில காசு கிடைக்கும். ஓட்டை மின்விசிறிக்குக் காசு கேட்டு வாக்குவாதம் செய்யாதீர்கள். அவர் அதைத் தூக்கிக்கொண்டு போவதே நமக்கு லாபம். உங்கள் புளோக்குக்கு அவர் எந்த நாளில் வருகிறார் என்று பக்கத்து வீட்டில் கேளுங்கள். அவரிடமே கைத்தொலைபேசி எண்ணைக் கேட்டு வாங்கிவிட்டால் இன்னும் நல்லது.

கட்டில், மெத்தை, அலமாரி, சோபா போன்ற பெரியவற்றுக்கு நகர மன்றம் இருக்கிறது. முன்கூட்டியே தொலைபேசியில் நாள் குறித்துக்கொண்டால், மாதத்துக்கு இத்தனை பொருள் என்ற வரம்புக்குள் பெரும்பாலும் இலவசமாகவே எடுத்துப்போவார்கள். வரம்பு எத்தனை, எங்கே கொண்டுவந்து வைக்க வேண்டும் என்பது வட்டாரத்துக்கு வட்டாரம் மாறும். கேட்டுவிட்டுச் செய்யுங்கள். வீட்டில் இடித்த ஓடு, சிமெண்டுக் கட்டியெல்லாம் இதில் சேராது.

மின்கழிவு தனி வழி. 2021 ஜூலை முதல் இதற்கென்று நாடு தழுவிய திட்டம் நடக்கிறது. பழைய கைத்தொலைபேசி, மடிக்கணினி, மின்கம்பி, பேட்டரி, விளக்கு போன்றவற்றைப் போடுவதற்குக் கடைத்தொகுதிகளில் தொட்டிகள் வைத்திருக்கிறார்கள். புதுக் குளிர்பதனப் பெட்டியோ சலவை இயந்திரமோ தொலைக்காட்சியோ வாங்கினால், அதைக் கொண்டுவந்து கொடுக்கும்போதே பழையதை இலவசமாக எடுத்துச்செல்ல வேண்டியது கடைக்காரரின் கடமை. வாங்கும்போதே கேளுங்கள், கேட்காவிட்டால் பழையது உங்கள் தலையில்தான் விழும். ஊரிலிருந்து கொண்டுவந்த மிக்சி எரிந்துபோயிருந்தால் காராங் கூனிக்காரர்தான் கைகொடுப்பார். உப்பிப்போன மின்சேமிப்புக் கருவியை (பவர் பேங்க்) மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் குப்பைக் குழாயில் போடாதீர்கள். அது தீப்பிடிக்கும்.

நல்ல நிலையில் இருப்பதைக் கொடுக்கலாம், விற்கலாம். இரட்சணிய சேனை நடத்தும் பழைய பொருள் கடைகள் இருக்கின்றன. விற்பதற்குக் கரோசெல் செயலி இருக்கிறது. என் அனுபவத்தில் 20 வெள்ளிக்குக் கீழே உள்ள எதையும் விற்க முயல்வது வீண். ஒரு தேநீர்க் குவளைக்குப் பன்னிரண்டு பேர் "இன்னும் இருக்கிறதா?" என்று கேட்பார்கள், ஒருவரும் வரமாட்டார்கள். குவளை மூன்று மாதம் வாசலோரம் நிற்கும். இலவசம் என்று போட்டால் அன்று மாலையே ஆள் வருவார். கொடுப்பதில் ஒரு நேர்மை வேண்டும்: கிழிந்த சட்டையைத் தானமாகக் கொடுத்தால், அதைக் குப்பையில் போடும் வேலையைத்தான் அவர்களுக்குக் கொடுக்கிறோம்.

இவ்வளவையும் ஒரு தாளில் எழுதி, பக்கத்தில் நாளையும் நேரத்தையும் போட்டு, குளிர்பதனப் பெட்டியின் கதவில் ஒட்டுங்கள். பிறகு பின்னோக்கி எண்ணுங்கள். காராங் கூனிக்காரர் சனிக்கிழமை வருவார் என்றால் துணியையும் காகிதத்தையும் பிரிக்கும் வேலை வெள்ளி இரவுக்கு. நகர மன்றம் புதன்கிழமைக்கு நாள் கொடுத்தால் கட்டிலைக் கழற்றும் வேலை செவ்வாய் இரவுக்கு. குவியல் ஒரே ஓர் இரவுதான் வீட்டில் தங்கலாம். இரண்டாம் இரவு தங்கினால் அது குடியிருக்கத் தொடங்கிவிடும்.

இரண்டாம் படி: ஒரே ஓர் இழுப்பறை

புகைப்படம், கடிதம், குழந்தையின் முதல் சட்டை ஆகியவற்றில் தொடங்காதீர்கள். தரையில் உட்கார்ந்து அழுதுகொண்டிருப்பீர்கள், வேலை நடக்காது. அடுப்படி இழுப்பறையில் தொடங்குங்கள். அங்கே யாருக்கும் பாசம் இல்லை.

போன மாதம் தோழி ஒருத்தியின் வீட்டில் அப்படி ஓர் இழுப்பறையைத் திறந்தோம். உணவங்காடியிலிருந்து தாப்பாவ் (பார்சல் சாப்பாடு) வாங்கிவந்தபோது கூடவே வந்த மிளகாய்ச் சாந்துப் பொட்டலங்கள், மரக் குச்சிகள், பிளாஸ்டிக் கரண்டிகள் ஒரு பக்கம். தாப்பாவ் டப்பாக்கள் இன்னொரு பக்கம். டப்பாக்களைத் தரையில் பரப்பி, ஒவ்வொன்றுக்கும் மூடி தேடினோம். இருபத்து மூன்று டப்பா, பதினேழு மூடி. பொருந்தியவை ஒன்பது ஜோடி. ஜோடி இல்லாதவை அனைத்தும் அலசப்பட்டு நீலத் தொட்டிக்குப் போயின. ஒன்பதில் ஐந்து போதும் என்றேன். அவள் ஏழில் நின்றாள். ஏழே இருக்கட்டும்.

பிளாஸ்டிக் பைகளுக்கும் எண்ணிக்கை வையுங்கள். 2023 ஜூலை முதல் பெரிய பேரங்காடிகள் பைக்குக் குறைந்தது 5 காசு வாங்குகின்றன. அதனால் இருக்கும் பைகளை எறிய மனம் வராது, குப்பை கட்டவும் அவை வேண்டும். ஒரு பெரிய பை நிறைய மற்ற பைகள். அது நிறைந்தால் மேற்கொண்டு சேர்ப்பதில்லை.

அடுத்தது அரிசியும் பருப்பும். சலுகை விலை என்று 10 கிலோ மூட்டை வாங்கி வைத்து, வண்டு விழுந்ததும் வெயிலில் காயவைக்க இடம் தேடுகிறோம். கீழே இறங்கினால் பேரங்காடி, எதிரே மளிகைக் கடை. அவற்றை உங்கள் சேமிப்பறையாக நினைத்துக்கொள்ளுங்கள், வாடகை அவர்கள் கட்டுகிறார்கள். இரண்டு பேர் இருக்கும் வீட்டுக்கு 5 கிலோ அரிசிக்கு மேல் வேண்டாம்.

இனி நம் வீடுகளுக்கே உரிய மூன்று பொருள்கள். எந்த ஊரின் பொது ஆலோசனையும் இவற்றுக்கு உதவாது.

முதலாவது, ஊர்ப்பெட்டி. அடுத்த விடுமுறைக்கு ஊருக்குக் கொண்டுபோக என்று சேர்த்து வைக்கும் பெட்டி. கோடாலித் தைலம் ஒரு டஜன், சாக்லேட், பூத்துவாலை, கைவிளக்கு, மாமாவுக்கு வாசனைத் திரவியம், யாரோ கேட்ட குடை. அறைத் தோழர் ஒருவரின் பெட்டியை ஒருமுறை திறந்தோம். தைலப் புட்டி ஒன்று கசிந்து, சாக்லேட் எல்லாம் தைல மணம். சாக்லேட்டின் காலாவதித் தேதியைப் பார்த்தால் போன தீபாவளிக்கு முன்பே முடிந்திருந்தது. அன்பின் பெயரால் சேர்த்த பெட்டி என்பதால் அதைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் விதி வைக்கலாம். ஒரே பெட்டி. மேலே ஒரு காகிதத்தில் பயணத் தேதி எழுதியிருக்க வேண்டும். டிக்கெட் எடுக்காத பயணத்துக்குப் பெட்டி கிடையாது. உண்ணும் பொருளைக் கடைசி வாரத்தில்தான் வாங்க வேண்டும். முஸ்தபா கடை எங்கும் ஓடிப்போகாது.

இரண்டாவது, எவர்சில்வர். சீர்ப் பாத்திரம், திருமணத்தில் கொடுத்த தட்டு, புதுமனை புகுவிழாவுக்கு வந்த குத்துவிளக்குகள். எனக்குத் தெரிந்த மூவறை வீட்டில் ஐந்து குத்துவிளக்குகள் இருந்தன, ஏற்றுவது ஒன்று. பொங்கலுக்கும் விருந்துக்கும் வேண்டும் என்பது சரிதான். விருந்துக்கு எத்தனை பேர் வருவார்கள் என்று எண்ணி அந்த அளவுக்கு வையுங்கள். மிச்சத்தைக் கோயில் சமையற்கூடத்துக்குக் கொடுக்கலாமா என்று கேளுங்கள். வேண்டும் என்றால் வாங்கிக்கொள்வார்கள், வேண்டாம் என்றால் சொல்லிவிடுவார்கள். கேட்காமல் வாசலில் வைத்துவிட்டு வராதீர்கள்.

மூன்றாவது, சாமி படம் போட்ட பழைய நாட்காட்டிகள். இதற்குத்தான் எல்லா வீட்டிலும் பதில் இல்லை. குப்பையில் போட மனம் வராது, மாட்ட இடம் இல்லை. பீரோவுக்குப் பின்னால் 2016லிருந்து வரிசையாக முருகனும் லட்சுமியும் நிற்பார்கள். சிலர் மரத்தடியில் கொண்டுபோய் வைத்துவிடுகிறார்கள். அது சரியல்ல, மழையில் நனைந்து காலடியில் கிடப்பதைவிட அவமரியாதை வேறில்லை. எங்கள் வீட்டில் மாமியார் ஒரு வழி வைத்திருக்கிறார். தேதித் தாளைக் கிழித்துத் தனியே எடுத்துவிடுவார். படத்தைக் கத்தரித்து, வெள்ளைத் தாளில் சுற்றி, பூ ஒன்று வைத்துக் கும்பிட்டுவிட்டு, காகிதக் கட்டோடு சேர்த்துவிடுவார். "காகிதமாக வந்தது, காகிதமாகப் போகட்டும்" என்பார். சட்டமிட்ட படமோ சிலையோ என்றால் கோயிலில் கேட்டுத்தான் செய்ய வேண்டும்.

காகிதங்களுக்கு ஒரு சொல் மட்டும். கடப்பிதழ், வேலை அனுமதி ஆவணங்கள், வாடகை ஒப்பந்தம், சான்றிதழ்கள், வரிக் கடிதங்கள் ஒரு கோப்பில் இருக்கட்டும். வங்கிக் கடிதங்கள் பெரும்பாலும் இணையத்திலேயே கிடைக்கும். எறிவதற்கு முன் அடையாள எண்ணும் முகவரியும் இருக்கும் பகுதியைச் சின்னஞ்சிறு துண்டாகக் கிழித்துவிடுங்கள்.

கூட்டாகத் தங்கும் அறை என்றால் மற்றவரின் பொருளைத் தொடாதீர்கள். உங்கள் கட்டிலைச் சுற்றிய இடத்தை முதலில் சரிசெய்யுங்கள். இரண்டு வாரத்தில் பக்கத்துக் கட்டில்காரர், "அண்ணே, அந்தக் கட்டில் எடுக்கும் ஆளின் எண் இருக்கிறதா?" என்று தாமாகவே கேட்பார். கேட்காவிட்டாலும் சண்டையாவது இருக்காது. கணவரின் பழைய மின்கம்பிப் பெட்டிக்கும் இதே விதிதான். நான் ஒருமுறை அதை மீறினேன். அந்தக் கம்பிகளில் ஒன்று அடுத்த வாரமே தேவைப்பட்டது. அதன் பிறகு அந்தப் பெட்டிக்குச் சாகாவரம் கிடைத்துவிட்டது.

மூன்றாம் படி: ஈரம்

பொருள் போன பிறகுதான் சுவர் தெரியும். சுவர் தெரிந்ததும் பூஞ்சையும் தெரியும். இங்கே காற்றின் ஈரப்பதம் சராசரியாக 80 விழுக்காட்டுக்கு மேல். சுவரோடு ஒட்டி வைத்த அலமாரிக்குப் பின்னால் காற்று ஓடாது. அங்கே கறுப்புப் புள்ளிகள் படரும். பெட்டியில் வைத்த தோல் இடைவாரும் பட்டுப் புடவையும் வெள்ளை பூத்துவிடும். அலமாரியைச் சுவரிலிருந்து நான்கு விரற்கடை நகர்த்துங்கள். காலையில் எதிரெதிர் சன்னல்களைத் திறந்து அரை மணி நேரம் காற்றாட விடுங்கள். செலவில்லாத மருந்து இதுதான்.

குளியலறை ஓட்டில் படிந்த பூஞ்சைக்குத் தண்ணீர் கலந்த பிளீச் போதும். மரத்துக்கு வினிகரில் நனைத்த துணியால் துடைத்துக் காயவிடுங்கள். இரண்டையும் ஒரே நாளில் ஒரே இடத்தில் பயன்படுத்தாதீர்கள். பிளீச்சோடு வினிகரோ கழிவறை கழுவும் அமிலமோ கலந்தால் நச்சு வாயு வரும்; மூடிய குளியலறையில் அது உயிருக்கே ஆபத்து. ஈரத்தை உறிஞ்சும் பிளாஸ்டிக் டப்பாக்கள் பேரங்காடியில் மலிவாகக் கிடைக்கும். அலமாரிக்கு ஒன்று வையுங்கள். உள்ளே தண்ணீர் நிறைந்ததும் மாற்றுங்கள். கவிழ்த்துவிட்டால் அந்த உப்புத் தண்ணீர் துணியையும் உலோகத்தையும் கெடுக்கும். நான் ஒரு ஜோடி காலணியைப் பறிகொடுத்தேன்.

தேங்கிய தண்ணீரையும் பாருங்கள். ஏடிஸ் கொசு முட்டையிட 20 காசு நாணய அளவு தண்ணீர் போதும். துளசித் தொட்டியின் அடித்தட்டு, குளியலறை வாளி, பழைய வீடுகளில் துணி காயப்போடும் மூங்கில் கம்பைச் செருகும் குழாய் ஆகியவை முக்கியம். கம்பு இல்லாதபோது அந்தக் குழாயை மூடி வையுங்கள். பலருக்கு அப்படி ஒன்று சன்னலுக்கு வெளியே இருப்பதே நினைவில்லை.

நான்காம் படி: இனி வாங்கலாம், அதுவும் கொஞ்சம்

அடுக்கு டப்பாவும் கூடையும் வாங்குவதில்தான் பலர் தொடங்குகிறார்கள். பிரிக்காமல் வாங்கிய டப்பா, குப்பைக்குக் கட்டிய வீடு. என் கணக்கில் இந்தப் படிக்கு 50 வெள்ளி தாண்ட வேண்டியதில்லை.

முதலில் அளவு நாடா ஒன்று. சுவரை மட்டும் அளந்தால் போதாது. அறைக் கதவு, வீட்டு வாசல், மின்தூக்கிக் கதவு மூன்றையும் அளந்து கைத்தொலைபேசியில் எழுதிக்கொள்ளுங்கள். 40 வெள்ளிக்குக் கிடைத்த அருமையான மேசை மின்தூக்கிக்குள் நுழையாமல், இரண்டு நண்பர்கள் அதைப் பதினோரு மாடி சுமந்ததையும், அதற்குப் பிறகு அவர்களுக்கு வாங்கிக் கொடுத்த பிரியாணியின் விலை மேசையைத் தாண்டியதையும் நான் பார்த்திருக்கிறேன்.

பழைய மரச்சாமானுக்கு ஏற்ற பருவம் சீனப் புத்தாண்டுக்கு முந்தைய சில வாரங்கள். வீடு வீடாகச் சுத்தம் செய்து நல்ல நாற்காலி, புத்தக அடுக்கு, சிறுமேசை எல்லாம் கொடுத்துவிடுவார்கள். இணையத்தில் இலவசமாகப் போடுவார்கள், கேட்டால் மகிழ்ச்சியாக எடுத்துக்கொள்ளச் சொல்வார்கள். மரம், இரும்பு, பிளாஸ்டிக் என்றால் தயங்க வேண்டாம். மெத்தையும் துணி உறையிட்ட சோபாவும் இலவசமாகக் கிடைத்தாலும் வேண்டாம். மூட்டைப்பூச்சி ஒரு குடும்பம் உள்ளே வந்தால் 50 வெள்ளியில் முடிய வேண்டிய கதை பூச்சி மருந்து அடிப்பவரிடம் போய் முடியும். மரக்கட்டிலையும்கூடக் கீழேயே கவிழ்த்து, கைவிளக்கை அடித்து, மூலையில் சட்டங்கள் சேரும் இடுக்குகளைப் பாருங்கள். பழைய அட்டை ஒன்றை இடுக்கில் விட்டு இழுங்கள். மிளகுத்தூள் சிந்தியது போன்ற கரும்புள்ளிகள் ஒட்டிக்கொண்டு வந்தால் அப்படியே வைத்துவிட்டு வாருங்கள். வாங்கிய துணிகளை நேராகக் கடைத்தெருச் சலவை நிலையத்தின் சூடான உலர்த்தியில் போட்டு எடுத்த பிறகே வீட்டுக்குள் விடுங்கள்.

வாடகை வீட்டுச் சுவரில் ஆணி அடிக்காதீர்கள். ஒட்டிக்கொள்ளும் கொக்கிகள் போதும். ஓட்டின்மேல் நன்றாகப் பிடிக்கும், சுண்ணாம்பு உதிரும் சுவரில் பிடிக்காது. சொந்த வீடாக இருந்து துளையிடுவதென்றால் வார நாளில் காலை 9 மணியிலிருந்து மாலை 5 மணிக்குள் முடித்துக்கொள்ளுங்கள். அக்கம்பக்கத்தாரோடு உறவு முக்கியம்.

1990களின் பிற்பாதி முதல் கட்டிய வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடுகளில், போர்க்காலத்தில் ஒதுங்குவதற்காகத் தடித்த இரும்புக் கதவோடு ஒரு பாதுகாப்பறை இருக்கும். சாமான் வைக்க அதைவிட நல்ல இடம் இல்லை. அதன் சுவரை உடைக்கக் கூடாது, காற்றுத் துளைகளை மறைக்கக் கூடாது. தானாக நிற்கும் இரும்பு அடுக்கு ஒன்றைக் கூரை உயரத்துக்கு வாங்கி உள்ளே நிறுத்துங்கள். கனமானது கீழே, தீபாவளிக் கோலச் சாமான் மேலே. ஊர்ப்பெட்டிக்கும் இடம் அங்கேதான்.

தாழ்வாரம் உங்கள் அறையின் நீட்சி அல்ல. தீ விபத்தின்போது மக்கள் ஓடுவதற்கு 1.2 மீட்டர் அகலம் தடையில்லாமல் இருக்க வேண்டும் என்பது குடிமைத் தற்காப்புப் படையின் விதி. கறிவேப்பிலைத் தொட்டியும் சின்னச் செருப்பு அடுக்கும் வைத்துக்கொண்டு மிச்ச இடத்தை நாடாவால் அளந்து பாருங்கள். செய்தித்தாள் கட்டு அங்கே நிற்கக் கூடாது.

கடைசியாக வெளிச்சம்

வாடகை அறைகளில் பெரும்பாலும் கூரையில் ஒரே ஒரு வெள்ளைக் குழல்விளக்கு இருக்கும். அதற்குக் கீழே யார் உட்கார்ந்தாலும் மருத்துவமனையில் காத்திருப்பவர் மாதிரி தெரிவார். கட்டில் பக்கம் ஒரு மேசை விளக்கு வைத்து, அதில் 3000 கெல்வின் என்று அட்டையில் போட்டிருக்கும் மஞ்சள் நிற எல்இடி பல்பைப் போடுங்கள். படிக்கும் மேசைக்கு 4000 சரியாக இருக்கும். இரவு எட்டு மணிக்குக் குழல்விளக்கை அணைத்துவிட்டு அதை மட்டும் ஏற்றிப் பாருங்கள். செய்த வேலை அத்தனையிலும் அதிகம் கண்ணுக்குத் தெரிவது இந்தப் பல்புதான். திரைச்சீலையைத் துவைத்து மாட்டுங்கள். புதிது வாங்க வேண்டாம், பாதி இருட்டு அதில் இருந்த தூசிதான். பக்கத்து வீட்டில் மணி பிளான்ட் இருந்தால் ஒரு கொடி கேட்டு வாங்கிக் கண்ணாடிப் புட்டியில் வையுங்கள், தண்ணீரை வாரம் இருமுறை மாற்றுங்கள்.

வீட்டுக்காரரின் திரைச்சீலையோ கூரைப் பல்போ பிடிக்காமல் மாற்றினால், கழற்றியதை ஒரு பையில் போட்டு, மேலே 'வீட்டுக்காரருடையது' என்று எழுதி, பாதுகாப்பறையிலோ கட்டிலுக்கடியிலோ வையுங்கள். மாற்றும் முன் அறையைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். காலி செய்யும் நாளில் அந்தப் படத்தைப் பார்த்து எல்லாவற்றையும் இருந்தபடியே மாட்டிவிட்டால், முன்பணத்தைத் திரும்ப வாங்கும்போது பேச்சு நீளாது.